வெற்றுக்கணம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணமொழிப் பாடத்தில் ‘வெற்றுக்கணம் எல்லாக் கணங்களுக்கும் உட்கணம்’ என்று வருகிறது. ஒன்றுமே இல்லாதது எப்படி எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் என்று கேட்கிறாள். டியூஷனில் ‘அது விதி, மனப்பாடம் பண்ணு’ என்று சொல்லிவிட்டார்களாம். நீங்கள் கொஞ்சம் விளக்க முடியுமா?

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மனப்பாடம் பண்ண வேண்டாம் என்று முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள். உட்கணம் என்றால் என்ன என்று புரிந்துவிட்டால் இது தானாக வந்து விழும்.

கணம் என்றால் ஒரு தொகுப்பு. அதில் இருக்கும் ஒவ்வொன்றும் உறுப்பு. அந்த உறுப்புகளிலிருந்து மட்டும் எடுத்துச் சேர்க்கும் தொகுப்பு உட்கணம். உறுப்பாக இருப்பது வேறு, உட்கணமாக இருப்பது வேறு. குழப்பம் இங்கேதான். உங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு பழக்கடை. மட்டி, ஏத்தன், செவ்வாழை தொங்குகின்றன. பழவகைகளின் கணத்தில் உறுப்புகள் மூன்று. மட்டிக் குலை நாலு தொங்கினாலும் மட்டியை ஒரு தடவைதான் எழுதுவோம். எதை முதலில் எழுதினாலும் கணம் மாறாது. சரி, கடைக்கு வருகிறவர் என்னென்ன வகைகளை வாங்கிப் போகலாம்? ஒவ்வொரு வகையையும் எடுக்கலாம், அல்லது விடலாம். 2×2×2, ஆக 8 வழி. இந்த எட்டும்தான் உட்கணங்கள். மூன்றுக்கும் விலை கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் நடையைக் கட்டுகிறவரும் இந்த எட்டில் சேர்த்திதான். அவர் கொண்டுபோனது வெற்றுக்கணம். ஆனால் ‘வெறுமை’ என்று ஒரு குலை கடையில் தொங்கவில்லை. அதனால் அது உறுப்பு இல்லை.

இன்னும் கறாராகக் கேட்டால் இப்படிச் சொல்லலாம். ஒரு கணம் இன்னொன்றின் உட்கணம் இல்லை என்று வாதாடுகிறவர், முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத ஓர் உறுப்பையாவது எடுத்துக் காட்ட வேண்டும். வெற்றுக்கணத்திலிருந்து எதை எடுத்துக் காட்டுவார்?

இதே காரணத்தால் வெற்றுக்கணம் ஒன்றே ஒன்றுதான். இரண்டால் மீதியின்றி வகுபடும் ஒற்றை எண்களின் கணமும், நான்கு பக்க முக்கோணங்களின் கணமும் ஒரே கணம். உறுப்புகள் ஒன்றாக இருந்தால் கணமும் ஒன்று.

இடையில் ஒன்று. வெற்றுக்கணத்தைக் குறிக்க எழுதும், குறுக்குக்கோடு போட்ட அந்த வட்டத்தை (∅) நம் வகுப்புகளில் ‘ஃபை’ என்கிறோம். அது கிரேக்க எழுத்தே இல்லை, நார்வே மொழி எழுத்து. அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆந்த்ரே வெய்ல். 1930 முதல் 1932 வரை நம் அலிகாரில் பேராசிரியராக இருந்த அதே வெய்ல்தான்.

மகளிடம் அடுத்து இதைக் கேளுங்கள்: வெற்றுக்கணத்துக்கு எத்தனை உட்கணங்கள்? பூஜ்யம் என்பாள். உறுப்புகள் மூன்று என்றால் 2-ஐ மூன்று தடவை பெருக்கினோமே, உறுப்பே இல்லையென்றால் 2-இன் அடுக்கு 0 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.