சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தேசிப்புளி விடலாமா?

கேள்வி: என்ர நாலு வயதுப் பேரன் வெத்திலைத் தட்டத்தில இருந்த சுண்ணாம்புப் பைக்கற்றை நசுக்க, அது பீறிட்டு வலக்கண்ணுக்குள்ள போயிட்டுது. ஒரு செம்புத் தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டுத் தாய்ப்பால் விட்டம். தேசிப்புளி விடச் சொல்லி அயலுக்குள்ள சொல்லிச்சினம். சாதாரண தரம் படிக்கிற பேத்தியும் அமிலமும் காரமும் சேர்ந்தா நடுநிலையாகும் எண்டு சொல்லுறாள். எனக்கு மனம் வரேல்லை, விடேல்லை. இப்ப அழுகை நிண்டிட்டுது, கண் சிவக்கவும் இல்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணுமோ? (ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மம்மா)

பதில்: ஓம் அம்மா, இன்றைக்கே கொண்டுபோங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். போகும் முன் கண்ணை இன்னொரு முறை நன்றாகக் கழுவுங்கள்.

புளி விடாமல் விட்டீர்களே, அது பெரிய காரியம். பேத்தி படித்த பாடம் சரிதான். ஆனால் அது கண்ணாடிக் குவளைக்குள் அளந்து ஊற்றிச் செய்வது. கண்ணுக்குள் எவ்வளவு சுண்ணாம்பு கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பீஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தேசிப்புளியின் பீஎச் 2 அளவில். அதுவே கருவிழியைச் சுடும். இரண்டும் சேரும்போது வெப்பமும் வரும். எல்லாவற்றையும் விட, புளி தேடும் நேரத்தில் சுண்ணாம்பு உள்ளே இறங்கிவிடும்.

கண்ணீரின் பீஎச் 7.4 அளவு, கரைந்த சுண்ணாம்பின் பீஎச் 12.4 அளவு. வித்தியாசம் வெறும் 5 என்று நினைக்கக் கூடாது. பீஎச் அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஐந்து படி என்றால் ஒரு இலட்சம் மடங்கு. அமிலம் பட்டால், பாலில் புளி விட்டதுபோல் மேற்பரப்பில் புரதம் திரைந்து, பெரும்பாலும் அதுவே ஒரு தடையாகிவிடும். காரம் அப்படி நிற்காது. கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே போகும். சுண்ணாம்பு தொட்ட விரல் வழுக்குவதும் இதனால்தான்.

சுண்ணாம்பில் இன்னொரு கரைச்சல் இருக்கிறது. அது தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும். மேலிமைக்கு அடியில் ஒட்டிய சிறு துணிக்கை மணிக்கணக்காகக் கரைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வைத்தியசாலையில் இமையைப் புரட்டித் துணிக்கையை எடுத்து, கழுவி, பீஎச் தாளை இமையோரம் வைத்துப் பார்ப்போம். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடியும் பார்ப்போம். நிறம் திரும்ப ஏறினால் உள்ளே இன்னும் ஏதோ கிடக்கிறது.

சிவக்கவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பயம். கருவிழியின் ஓரத்து இரத்தக் குழாய்கள் கருகிப்போனாலும் கண் வெள்ளையாகத்தான் தெரியும். பிள்ளைக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லவும் முடியாது. ஒரு செம்புத் தண்ணீர் போதாது என்பது மட்டும் நிச்சயம்.

கழுவும் முறை இது. பிள்ளையைத் துவாயால் சுற்றி, பட்ட கண் கீழே இருக்கும்படி சரித்துக் கிடத்துங்கள். ஒருவர் இமைகளை விரித்துப் பிடிக்க, மற்றவர் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக அரை மணித்தியாலம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளை கத்தும், கை தளரக் கூடாது. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கல்சியம் கூடியது, கண்ணுக்கு ஆகுமா என்று யோசிக்க வேண்டாம், குடிக்கிற தண்ணீர் எதுவும் ஆகும். கொதித்தாறிய நீருக்குக் காத்திருக்காதீர்கள். வெள்ளையடிப்பவர்களுக்கும், கருப்பநீர் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுபவர்களுக்கும் இதே முறைதான்.

தாய்ப்பால் இனி வேண்டாம். அதில் காரம் கழுவுப்படாது, கிருமி சேரலாம். வீட்டில் கிடக்கும் பழைய கண்மருந்தும் விடாதீர்கள். அந்தப் பைக்கற்றைக் கையோடு கொண்டுபோய், எத்தனை மணிக்குப் பட்டது, என்னென்ன விட்டீர்கள் என்று முதலில் பார்க்கும் வைத்தியரிடமே சொல்லுங்கள்.