தல்லீத்தைத் துவைக்கலாம், தொங்கலில் மட்டும் கை வைக்காதீர்கள்

கேள்வி: இஸ்ரேலில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். காலை ஜெபத்தின்போது அவர் போர்த்திக்கொள்ளும் வெள்ளைக் கம்பளி தல்லீத் (யூதர்களின் ஜெபச் சால்வை), கழுத்துப் பக்கம் மஞ்சளாகிவிட்டது. போதாததற்குப் போன வாரம் காபி வேறு கொட்டிவிட்டது. மெஷினில் போடலாமா?

லேபிளில் போடலாம் என்று இருந்தாலொழிய வேண்டாம். சூடும் அலசலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும், அதை மறுபடி பழைய அளவுக்கு இழுக்க முடியாது. எக்கோனோமிக்கா (அங்கே ப்ளீச்சுக்குச் சொல்லும் பெயர்) பாட்டில் பக்கமும் போகாதீர்கள். குளோரின் ப்ளீச் கம்பளியை வெளுக்காது, இன்னும் மஞ்சளாக்கி இழையையே அரித்துவிடும். கறை போக்கும் என்சைம் சேர்த்த சோப்புத்தூளும் இழையை அரிக்கும்.

ஆனால் துணியைவிட முக்கியம் நாலு மூலையிலும் தொங்கும் நூல்கள்தான். எண்ணாகமம் 15-இல் வரும் ‘தொங்கல்’ இதுதான், அங்கே ட்சீட்சித் என்பார்கள். ஒவ்வொரு மூலையிலும் நாலு நூலை மடித்து எட்டாக்கி, நடுநடுவே சுற்றி, ஐந்து இரட்டை முடிச்சு போட்டிருக்கும். இவை சரியாக இல்லையென்றால் அவருக்கு அது வெறும் சால்வைதான், போர்த்தி ஜெபிக்க முடியாது. அதனால் துவைக்குமுன் ஒவ்வொரு கொத்தையும் சிக்கெடுத்து, மடித்து, ஒரு சுத்தமான காட்டன் சாக்ஸுக்குள் விட்டு வாயைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலோ நூல் அறுந்தாலோ நீங்களாகக் கட்டவோ, நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரிக்கவோ கூடாது. யூதரல்லாதவர் கட்டிய ட்சீட்சித் அவர்கள் சட்டப்படி செல்லாது. பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் ரப்பி, அதாவது யூத மதகுரு. துவைப்பதற்கு அந்தத் தடை கிடையாது, தாராளமாகச் செய்யலாம்.

காபிக் கறைக்கு, துணிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து, ஆறின நீரில் கம்பளிக்கான திரவ சோப்பு ஓரிரு சொட்டு கலந்து ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் அந்த இடம் மட்டும் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். கறுப்புக் கோடு போட்டதாக இருந்தால் முதலில் கோட்டின் ஒரு ஓரத்தை நனைத்துச் சாயம் இறங்குகிறதா பாருங்கள். பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக நிழலில் விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும்.

கழுத்து மஞ்சள் வேறு கதை. அது வருஷக்கணக்கில் ஏறின வியர்வையும் தலை எண்ணெயும், வீட்டுத் துவைப்புக்கு முழுசாக மசியாது. ட்ரை கிளீனிங்குக்கே கொடுத்துவிடுங்கள், என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம். பினே பிராக் மாதிரி மதப்பற்றுள்ள யூதர்கள் நிறைய வாழும் ஊர்களில் சலவைக் கடைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இது பழக்கமான உருப்படி, இருந்தாலும் ‘நூலைக் கவனிக்கவும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையில் வெள்ளித் தகடுகள் தைத்திருந்தால் அதைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெயிலாலும் வயசாலும் ஏறின மஞ்சள் மட்டும் எங்கே கொடுத்தாலும் போகாது, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். துணி இற்றே போயிருந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், வீட்டாரிடம் கொடுங்கள். ஜெப ஆலயத்தில் இப்படிப்பட்டவற்றைச் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள்.

அப்புறம், நாள் பார்த்துச் செய்யுங்கள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை அந்த வீட்டில் துவைக்கும் பேச்சே கிடையாது. ஞாயிறு காலை ஜெபம் முடிந்த கையோடு எடுத்துக்கொண்டால், மறுநாள் காலைக்குள் காயலாம், காயாமலும் போகலாம். நிறையப் பேர் ஓய்வுநாளுக்கென்று தனியாக ஒரு நல்ல தல்லீத் வைத்திருப்பார்கள். தாத்தாவிடம் அப்படி ஒன்று இருக்கிறதா, அதுவரை போர்த்திக்கொள்வாரா என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் நனையுங்கள்.