டம்ளர் சத்தம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் 'நீங்க எப்பக் கிளம்புவீங்க?' என்று கேட்டுவிடுகிறான். நான் கண்ணைக் காட்டினாலும் அவனுக்கு விளங்குவதில்லை. 'அப்படியே தாத்தா, ரத்தத்துலயே வருது' என்கிறார் மாமியார். பிறர் முகக்குறிப்பை அறிவது மரபணுவில் இருக்கிறதா? சோதனை செய்து பார்க்கலாமா?

சாந்தி

அன்புள்ள சாந்தி,

பிள்ளையின் வளர்ச்சியில் வேறு கவலை இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் சோதனைக்குப் பணத்தை இறைக்க வேண்டாம்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. 18 முதல் 24 மாத இரட்டைக் குழந்தைகளுக்கு வீடியோ காட்டி, முகத்தில் எந்த இடத்தில் அவர்கள் பார்வை நிற்கிறது என்று அமெரிக்காவில் அளந்தார்கள். 2017ல் வெளியான ஆய்வு. கண்களைப் பார்க்கும் நேரத்தில் ஒரே மரபணுக்கள் கொண்ட ஒருகரு இரட்டையரிடையே பொருத்தம் 0.91 (முழுப் பொருத்தம் என்றால் 1). சாதாரண உடன்பிறப்புகளைப் போல மரபணுவில் பாதியளவே ஒத்த இருகரு இரட்டையரிடையே 0.35தான். அதாவது மரபணு ஒத்த அளவுக்குப் பார்வையும் ஒத்துப்போகிறது. ஆனால் பார்ப்பது வேறு, புரிவது வேறு. வெறும் கண்களின் படங்கள் 36ஐக் காட்டி, அந்த ஆள் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. அதிலே ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் 28 சதவீதம்தான் மரபணுவின் பங்கு என்று இரட்டையர் கணக்கு சொன்னது. மீதி வீடு, பழக்கம், சந்தர்ப்பம்.

எங்கள் பெரியப்பா தினமும் சாயங்காலம் திண்ணைக்கு வருவார். நேரமாகிவிட்டால் அம்மா காப்பி டம்ளரை எடுத்துப்போய்க் கிணற்றடியில் ணங்கென்று வைப்பாள். அப்பா கொட்டாவி விடுவார். 'தூக்கம் வருதாடா? முகத்தைக் கழுவிட்டு வா' என்பார் பெரியப்பா, நிஜமான அக்கறையோடு. சூடு சொரணை இல்லாத மனுஷன் என்று வீடே பேசியது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒருநாள் 'பெரியப்பா, நான் படிக்கணும், நீங்க கிளம்புங்க' என்றேன். அம்மா பதறிப்போனாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'இதை அப்பவே சொல்லியிருந்தா அப்பவே எழுந்திருப்பேனேடா' என்றார். மறுநாள் வந்து உட்காரும்போதே, 'இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம்?' என்று கேட்டார்.

அந்தக் குரலில் இருந்த கூச்சம் இன்னும் என் காதில் இருக்கிறது. எத்தனை வருஷம் அந்த மனிதரை முதுகுக்குப் பின்னால் ஏசினோம்!

கண்ணைக் காட்டினேன் என்கிறீர்கள். ஏனம்மா கண்ணைக் காட்ட வேண்டும்? வாய் எங்கே போயிற்று? 'இருங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்' என்று வாயால் சொல்வோம், முகத்தால் போ என்போம். வாய்ச்சொல்லை நம்பினவனுக்குத்தான் கோளாறு என்போம். உங்கள் பையன் நேராகக் கேட்கிறான். நீங்களும் அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: 'அப்படிக் கேட்டா வந்தவங்க மனசு கஷ்டப்படும். உனக்குத் தெரிஞ்சாகணும்னா உள்ளே வந்து என்கிட்ட கேளு.' ஒருமுறை போதாது, பத்து முறை சொல்லுங்கள். எரிச்சலில்லாமல் சொல்லுங்கள். இப்படி ஒரு தடவையாவது சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

அந்தத் தாத்தா இருக்கிறாரா? இருந்தால் பேரனை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். சின்ன வயதில் தன்னை எதற்கெல்லாம் அடித்தார்கள் என்று அவர் அவனிடம் சொல்லட்டும்.