"சொல்லாதீங்க அக்கா" என்று சிறுமி கெஞ்சும்போது

கேள்வி: எங்கள் ஊரில் உள்ள பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற வாரம் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, பாடம் முடிந்தும் எழாமல் ஸ்கேலால் மேசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். விசாரித்தபோது, அங்கு வேலை பார்ப்பவர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று அழுதாள். கண்காணிப்பாளரோ, "நாங்களே விசாரித்துக்கொள்கிறோம், வெளியே தெரிந்தால் இல்லத்தை மூடிவிடுவார்கள், 40 பிள்ளைகளும் தெருவில் நிற்கும்" என்கிறார். என்னிடம் ஆதாரமும் இல்லை. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையன்று. அவளைத் திரும்பத் திரும்பக் கேட்காமல், அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதியுடன் எழுதி வைத்தால் போதும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது சட்ட நடவடிக்கை வராது. தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரையிலும், தன்கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. எனவே "நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் உரிமை கண்காணிப்பாளருக்கு இல்லை.

40 பிள்ளைகளைக் காட்டி ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த 40 பேரும் அதே ஆளின் கைக்கெட்டும் தூரத்தில்தானே தூங்குகிறார்கள்? தெருவில் நிற்பார்கள் என்பதும் உண்மையன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இல்லத்தின் பதிவு ரத்தானால், மீண்டும் பதிவு கிடைக்கும்வரை அதை நடத்தும் பொறுப்பு மாநில அரசுடையது.

பீகாரின் முசாபர்பூரில் அரசு நிதியில் நடந்த சிறுமியர் இல்லத்தின் கொடுமை, 2018-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கையில்தான் வெளிப்பட்டது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 19 பேரில், அம்மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும், குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். காக்க வேண்டியவர்களே உடந்தையாக இருந்த கதை அது. ஆகவே ஒரே கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள், மகளிர் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுதுங்கள்.

அவள் கேட்ட ரகசியத்தை மட்டும் உங்களால் காக்க முடியாது. அதை அவளிடம் மறைக்காமல், "உன்னைப் பாதுகாக்கக் கூடியவர்களிடம் மட்டும் சொல்லப்போகிறேன், உன்மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். அவளிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது. பெற்றோரோ, அவள் நம்பும் வேறொருவரோ உடனிருக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரலாம்.