மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு: மாந்தோப்பை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஓசூரில் தனியார் கம்பெனி வேலை, மாதம் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஏழு வயது மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய் என்று மரபணு பரிசோதனையில் தெரிந்தது. ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து லட்சம் கேட்கிறார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் அப்பா கொடுத்த 60 சென்ட் மாந்தோப்பை விற்கலாமா? மகன் பெயரில் பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். நோயைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறார். மகளின் செல்வமகள் கணக்கை நிறுத்திவிட்டு அதைக் கட்டலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தோப்பை விற்காதீர்கள். இந்த நோய்க்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஆய்வு என்றால் உங்களிடம் பணம் கேட்கவும் கூடாது. பிள்ளை நடக்க வேண்டும் என்ற தவிப்பில் நிலத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தத் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் திரும்பி வராது.

போக வேண்டிய இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையும் மனித மரபியல் மையமும் சேர்ந்து, அரிய நோய்களுக்கான உயர் சிறப்பு மையமாகச் செயல்படுகின்றன. அங்கே பதிவு செய்யுங்கள். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின் பட்டியலில் டூஷேன் இருக்கிறது. மையம் பரிந்துரைத்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அது மருத்துவமனைக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது.

அடுத்து பாலிசி. காப்பீடு தேவைப்படுவது பிள்ளையின் உயிருக்கு அல்ல, உங்கள் உயிருக்கு. உங்கள் சம்பளம் நின்றால் அந்த வீடு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி, அதாவது நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி எடுங்கள். புகைப்பழக்கம் இல்லை என்றால் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டால் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. நோயை மறைத்து எடுக்கும் பாலிசி, க்ளெய்ம் சமயத்தில் செல்லாமல் போகும். அந்த ஏஜென்ட்டை இன்றே நிறுத்துங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று உங்கள் பிஎஃப் கணக்கில் இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஓய்வூதியம். நிரந்தரமாக முழு இயலாமை உள்ள பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பே கிடையாது, ஆயுள் முழுக்க வரும். வேலையில் இருக்கும்போது இறந்தால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை 7 லட்சம் வரை தனி. ஆன்லைன் நாமினேஷனில் மகனைச் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றிரவே பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய.

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை வாங்கி, தசைச்சிதைவு பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுங்கள். பேட்டரி சக்கர நாற்காலிக்கும் அங்கேதான் கேட்க வேண்டும். வருமான வரிச் சலுகைக்கு அலைய வேண்டாம். உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது.

இந்த நோயில் பெரும்பாலான பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயது வாக்கில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். பணத்துக்கு அதுதான் கெடு. வீட்டுக் கழிவறைக் கதவை டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் இரண்டடிதான் வைப்பார்கள், நாற்காலி நுழையாது. கதவை அகலப்படுத்த, வாசல்படியில் சாய்தளம் போட, வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க என்று தபால் நிலையத்தில் ஐந்தாண்டு தொடர் வைப்பு ஆரம்பியுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டு வரும் காசு இதற்குப் போகட்டும்.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று உறவுகள் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டூஷேனுக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. அந்தப் பேச்சு உங்கள் மனைவி தலையில்தான் விழும்.

செல்வமகள் கணக்கை நிறுத்த வேண்டாம். கை இறுகும் வருடத்தில் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். ‘தம்பியை அக்கா பார்த்துக்கொள்வாள்’ என்ற கணக்கில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அவள் படிப்புக்கான பணம் அவளுடையது.