‘பிரிஸில்’ என்றால் மெய்சிலிர்ப்பா?

கேள்வி: ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்து வருகிறேன். மாமியாரின் தொனியைக் கேட்டு மருமகள் ‘பிரிஸில்’ ஆனாள் என்று ஓரிடத்தில் வருகிறது. அகராதியிலோ ‘பன்றி மயிர்’ என்று இருக்கிறது. ‘மெய்சிலிர்த்தாள்’ என எழுதியிருக்கிறேன். சரிதானா?

பதில்: சரியில்லை, ஆனாலும் மிக அருகில் வந்துதான் தவறியிருக்கிறீர்கள். தமிழில் ஒருவர் மெய்சிலிர்ப்பது பக்தியாலும் வியப்பாலும் மகிழ்ச்சியாலும். நல்ல ஆலாபனையைக் கேட்டு மெய்சிலிர்க்கலாம். மாமியாரின் குத்தல் பேச்சைக் கேட்டு யாரும் மெய்சிலிர்ப்பதில்லை.

அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் காட்சி வேறு. தெருவுக்குள் புது நாய் ஒன்று நுழைந்தால், அதுவரை படுத்துக்கிடந்த தெரு நாய் எழுந்து நிற்கும். குரைப்பதற்கு முன்பே அதன் பிடரியிலிருந்து முதுகு நெடுகிலும் மயிர் குத்திட்டுவிடும். ஒவ்வொரு மயிரின் வேரோடும் ஒட்டியிருக்கும் சிறு தசை சுருங்குவதால் இது நிகழ்கிறது. நமக்குப் புல்லரிப்பதும் அதே தசையால்தான். உடலில் நடப்பது ஒன்றே என்றாலும், தமிழ் அதைப் பெரும்பாலும் பரவசத்தோடு சேர்த்தது, ஆங்கிலம் சீற்றத்தோடு சேர்த்தது. ‘மயிர் குத்திட்டு நிற்றல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த ‘ஹாரர்’ என்ற சொல்லோ அச்சத்தின் பக்கம் போய்விட்டது.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘பிரிஸில்’ என்பது குட்டையான, விறைப்பான மயிர். பழைய ஆங்கிலத்தில் ‘பிர்ஸ்ட்’ என்று இருந்த சொல்லில் ரகரம் இடம்மாறி, கடைசியில் ‘எல்’ என்ற விகுதியும் சேர்ந்து இன்றைய வடிவம் வந்தது. மதுரையை மருதை என்றும் குதிரையைக் குருதை என்றும் சொல்லும் நாவுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. ஜெர்மன் மொழியின் ‘போர்ஸ்டெ’ இதற்கு உடன்பிறப்பு. எழுத்தில் நடுவே ஒரு ‘டி’ உண்டு. ஒலிப்பில் அது வராது.

பல்துலக்கும் பிரஷ்ஷின் இழைகளுக்கும் இதே பெயர்தான். அவை உண்மையாகவே பன்றி மயிராக இருந்த காலம் உண்டு. 1938-இல்தான் அமெரிக்காவில் நைலான் இழை கொண்ட பிரஷ் விற்பனைக்கு வந்தது. ஆகவே உங்கள் அகராதியைக் குறைசொல்ல முடியாது. தினையின் தாவரவியல் பெயரான ‘செட்டேரியா’வுக்கும் அதன் கதிரில் நீட்டிக்கொண்டிருக்கும் விறைத்த மயிர்களே காரணம், ‘செட்டா’ என்றால் இலத்தீனில் விறைப்பான மயிர்.

இனி உங்கள் மருமகளுக்கு வருவோம். ‘சிலிர்த்தெழுந்தாள்’ என்றால் கோபம் வந்துவிடுகிறது, ஆனால் அளவு மிஞ்சிவிடுகிறது. அடுத்த வரியில் அவள் மாமியாரோடு சண்டைக்கே போயாக வேண்டும். ஆங்கிலச் சொல் அவ்வளவு தூரம் போவதில்லை. வாய் திறக்காமலே, தன்மானம் சீண்டப்பட்டதால் உடம்பு விறைத்துக்கொள்வதை மட்டுமே அது சொல்கிறது. அடுத்த வரியில் அவள் மௌனமாக இருந்தால் ‘அவளுக்குச் சுருக்கென்றது, முகம் இறுகியது’ என்று எழுதுங்கள். பதிலுக்கு ஏதாவது சொல்கிறாள் என்றால் ‘வெடுக்கென்று நிமிர்ந்தாள்’ பொருந்தும்.