ஷாக் டார்ச்சா, அலாரம் டார்ச்சா?

கேள்வி: மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன். பேருந்து விட்டிறங்கி வீட்டுக்குப் பத்து நிமிட நடை, அதில் பாதி இருட்டு. வெளிச்சத்துக்கும் தற்காப்புக்கும் சேர்த்து ஒரே டார்ச்சாக வாங்கலாம் என்றிருக்கிறேன். ஷாக் அடிக்கும் டார்ச் வாங்கு என்கிறார் அம்மா. அலாரம் வைத்தது ஒன்று, பவர் பேங்க்காகவும் பயன்படுவது ஒன்று என வேறு இரண்டும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: அலாரம் வைத்ததை வாங்குங்கள். அதிலும் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும், சொல்கிறேன். அதற்கு முன் ஷாக் டார்ச் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கும் பதில் வேண்டுமல்லவா.

ஷாக் டார்ச் வேலை செய்ய வேண்டுமென்றால் அதன் இரண்டு முனைகளும் எதிராளியின் உடம்பில் பட வேண்டும். பட்டால் மட்டும் போதாது, சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். யாரிடமிருந்து விலகி ஓட வேண்டுமோ, அவருடைய கைக்கெட்டும் தூரத்திலேயே நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். தடித்த உடை போட்டிருந்தால் ஷாக் சரியாக இறங்காது. பிடுங்கிக்கொண்டால் அது அவர் கையில் ஆயுதம். பெட்டியில் பல லட்சம் வோல்ட் என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். காற்றில் 1 சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்கச் சுமார் 30,000 வோல்ட் போதும். முனைகளுக்கு நடுவே 2 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், 60,000 வோல்ட்டை ஒட்டியே பொறி தாண்டிவிடும். லட்சக்கணக்கில் ஏற அங்கே வழியே இல்லை. சட்டச் சிக்கலும் உண்டு. பிரிட்டனில் இது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். வேறு பல நாடுகளிலும் தடையோ உரிமக் கட்டுப்பாடோ இருக்கிறது.

பவர் பேங்க் டார்ச்சில் சிக்கல் எளிமையானது. மாலையில் போனுக்குக் கொடுத்த சார்ஜ் இரவில் டார்ச்சுக்கு இருக்காது.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை லூமன் என்றுதான். நான் முதலில் பார்ப்பது ஸ்விட்ச். டார்ச்சைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் தானாகப் போய் ஸ்விட்ச்சில் உட்கார வேண்டும். அழுத்தியதும் முழு வெளிச்சம் வர வேண்டும். வாலில் ஸ்விட்ச் உள்ள டார்ச்சில் இது நன்றாக அமையும். பக்கவாட்டில் ஒரே பட்டனை வைத்து, முதல் அழுத்தில் மங்கல், இரண்டாவதில் நடுத்தரம், மூன்றாவதில் விட்டுவிட்டு மின்னும் ஒளி என்று சுற்றிவரும் டார்ச்சுகள் நிறைய. வீட்டில் பூட்டுத் துவாரம் தேட அது சரி. பதற்றத்தில் விரல் நடுங்கும்போது எத்தனை முறை அழுத்தினோம் என்று யாராலும் எண்ண முடியாது. அந்த வகை வேண்டவே வேண்டாம்.

லூமன் என்பது டார்ச் வெளிவிடும் மொத்த ஒளி. அந்த ஒளி எவ்வளவு குவிந்து முன்னால் பாய்கிறது என்பதைக் கேண்டலா சொல்லும். டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 என்ற தர அளவுப்படி, ஒளி 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் தூரத்தைத்தான் பெட்டியில் மீட்டரில் போடுகிறார்கள். 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. ஆக, 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அதற்கு 2,500 கேண்டலா. ஆனால் 100 மீட்டரில் நிற்பவரின் முகம் தெரியும் என்று அர்த்தமில்லை, ஏதோ நிற்கிறது என்பது தெரியும். முகம் தெரிய அதில் பாதித் தூரமாவது குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நடைக்கு 200 முதல் 300 லூமன் தாராளம். தேவைப்படும்போது சில நொடிகளுக்கு 500, 600 வரை போனால் நல்லது. உள்ளங்கை அளவு டார்ச்சில் 2,000 லூமன் என்றால், சூடேறி ஓரிரு நிமிடத்தில் தானாகவே குறைந்துவிடும்.

அலாரத்துக்கு வருவோம். ஒரு முறை அலாரம் டார்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். விளக்குக்கும் அலாரத்துக்கும் ஒரே பேட்டரி. வெளிச்சம் மங்கும்வரை எரியவிட்டு அலாரத்தை இழுத்தால் குருவிக்குஞ்சு மாதிரி கீச்சென்றது. அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: அலாரத்துக்குத் தனி பேட்டரி இருக்க வேண்டும், அதை இயக்குவதும் வேறு விதமாக இருக்க வேண்டும். கயிற்றை இழுத்தால் ஊசி கழன்று அலற ஆரம்பிக்கும் வகை சிறந்தது. டார்ச் கைதவறி விழுந்தாலும், யாராவது பிடுங்கினாலும், ஊசியைத் திரும்பச் சொருகும்வரை கத்திக்கொண்டே இருக்கும்.

சத்தம் 130 டெசிபல் என்று போட்டிருந்தால் எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று பாருங்கள். 10 சென்டிமீட்டரில் 130 என்றால் 1 மீட்டரில் அது 110தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 120 இருந்தால் 64 மீட்டரில் 84 இருக்கும். உறங்குகிறவர் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்க்க அது போதும். சோதித்துப் பார்க்கும்போது தயவுசெய்து காதருகே வைக்காதீர்கள், காது உண்மையிலேயே கெட்டுப்போகும்.

இதையெல்லாம் நிறைவுசெய்யும் கூட்டு டார்ச் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். நல்ல டார்ச் ஒன்று, சாவிக்கொத்தில் மாட்டும் தனி அலாரம் ஒன்று. சொல்லப்போனால் அதுதான் என் முதல் விருப்பம்.

பேட்டரியில் ஏமாற்று அதிகம். இந்த வகை டார்ச்சுகளில் வரும் ரீசார்ஜ் பேட்டரியின் 18650 என்ற எண் அதன் அளவைக் குறிக்கும்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல கம்பெனியின் 18650 பேட்டரி பிடிக்கும் சார்ஜ் 3,500 முதல் 4,000 எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர்-மணி) அளவில் நின்றுவிடும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய், அந்த டார்ச்சையே வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் புகாமல் காக்கும் தரக் குறியீட்டில், மழையில் நடக்க ஐ.பி.எக்ஸ் 4 போதும். பைக்குள் தானாக எரிந்து சார்ஜ் தீராமலிருக்க, வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பெரும்பாலான டார்ச்சுகளில் இணைப்பு விட்டுவிடும். பேருந்திலிருந்து இறங்கும் முன் இறுக்கிக்கொள்ள மறக்கக் கூடாது.

பயன்படுத்துவதில் ஒன்று. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம்வரை ஆகும், பளீரென்ற ஒளி அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். அது உங்களுக்கும் பொருந்தும், எதிரே வருபவருக்கும் பொருந்தும். நடக்கும்போது ஒளியைச் சில அடி முன்னால் தரையில் வைத்திருங்கள். யாராவது வழிமறித்தால் முகத்தில் அடித்து, "தள்ளிப் போங்க!" என்று உரக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணைக் கசக்கும் அந்தச் சில நொடிகள் ஓடுவதற்கு, நின்று சண்டையிட அல்ல. விட்டுவிட்டு மின்னும் ஒளியை நான் பரிந்துரைப்பதில்லை, ஓடும் பாதையிலுள்ள பள்ளம் உங்களுக்கே தெரியாது.

நடக்கும்போது டார்ச் பைக்குள் இருக்கக் கூடாது. இறங்கும்போதே கையில் இருக்கட்டும், அலாரக் கயிறு மற்றக் கை எட்டும் இடத்தில் தொங்கட்டும். வாங்கிய அன்று விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே பத்து முறை எடுத்து, அழுத்தி, இழுத்துப் பாருங்கள். அம்மாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் கேட்டால் அது நீங்கள்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.